ஒரே எலக்ட்ரானுக்கு இரண்டு சாட்சிகள்

ஒளியியல் பொருள்களையும் காந்தப் பொருள்களையும் ஆராயும் ஒரு வேதியியலரின் ஆய்வு வாழ்க்கை எப்படி அமைகிறது, எப்படி அமைய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளின் நிறத்தை ஒரு துறையிலும் அதன் காந்தக் குணத்தை வேறொரு துறையிலும் வைத்துப் படிக்கிறோம். இயற்கையில் அப்படிப் பிரிவினை இல்லை. அணுவில் இணை சேராமல் நிற்கும் எலக்ட்ரான்களைப் பற்றி ஒளி ஒரு சாட்சி சொல்கிறது, காந்தம் இன்னொரு சாட்சி சொல்கிறது. இரண்டையும் சேர்த்து விசாரிக்கப் பழகிய வேதியியலருக்குத்தான், எதிர்பாராத ஒன்று உலையிலிருந்து வெளிவரும்போது அது என்னவென்று தெரியும். இதைத் திருச்சியில் பேசுவது பொருத்தம் என்று கருதுகிறேன். சர் சி. வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தது காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தை ஒட்டிய திருவானைக்காவலில்.

முதல் சான்றுக்கு இந்த ஊர்க் கல்லையே எடுத்துக்கொள்வோம். செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் திருச்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. அதில் வரும் சிவப்புக் கல், அதாவது செயற்கை மாணிக்கம், அலுமினிய ஆக்சைடு. அந்தப் பொடியைச் சுடரில் உருக்கிப் படிகமாக வளர்க்கும் முறையை 1902இல் வெளியிட்டவர் பிரான்சு நாட்டு வேதியியலர் வெர்னோய். சுத்தமான அலுமினிய ஆக்சைடுக்கு நிறமே கிடையாது. நூறு அலுமினிய அணுக்களில் ஒன்றின் இடத்தில், பல சமயம் அதற்கும் குறைவாக, குரோமியம் போய் உட்கார்ந்தால் கல் சிவக்கிறது. அந்தக் குரோமியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்கள் நெருக்கமாக நிற்கின்றன. அந்த நெருக்கம் குரோமியத்தின் எலக்ட்ரான் நிலைகளைப் பிரிக்கிறது. பிரிவின் அளவு எவ்வளவோ அதற்கேற்ற ஒளியைக் கல் விழுங்குகிறது. மாணிக்கம் ஊதாவையும் மஞ்சள்-பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை நமக்கு விட்டுவிடுகிறது. மரகதத்திலும் நிறம் தருவது பெரும்பாலும் இதே குரோமியம்தான், சுற்றிலும் அதே ஆறு ஆக்சிஜன்கள்தான். பிடி மட்டும் சற்றுத் தளர்ந்திருக்கிறது. அந்தச் சிறு தளர்ச்சியில் சிவப்பு போய்ப் பச்சை வந்துவிடுகிறது. ஆகவே நிறம் என்பது தனிமத்தின் சொத்து என்று நினைப்பது பிழை. தனிமமும் அது குடியிருக்கும் கூடும் சேர்ந்து தருவதே நிறம்.

இதே குரோமியத்தில் இணை சேராத எலக்ட்ரான்கள் மூன்று. அவற்றால் ஒவ்வொரு குரோமியமும் ஒரு சிறு காந்தம். வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்தால் அதன் ஆற்றல் நிலைகள் மேலும் நுணுக்கமாகப் பிரிகின்றன. அந்தப் பிரிவைப் பயன்படுத்தி 1950களின் இறுதியில் மாணிக்க மேசர் என்னும் நுண்ணலைப் பெருக்கியை அமைத்தார்கள். அமெரிக்காவில் ஹோம்டெல் என்ற இடத்தில் பென்சியாசும் வில்சனும் 1964இல் பிரபஞ்சத்தின் பின்னணிக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்தபோது, அவர்கள் வானலை வாங்கியில் இருந்தது மாணிக்க மேசர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1960 மே 16 அன்று, தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை இயக்கியதும் மாணிக்கத் தண்டைக் கொண்டுதான். அதிலிருந்து வந்தது 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி. ஒரே கல், ஒரே குரோமியம், அதே மூன்று எலக்ட்ரான்கள். ஒருவர் அதை ஒளியாகப் பார்த்தார், இன்னொருவர் காந்தமாகப் பார்த்தார். இருவருக்கும் வழி திறந்தது, குரோமியத்தின் ஆற்றல் நிலைகளை முன்பே வரைந்து வைத்திருந்த அடிப்படை ஆய்வு.

இந்தப் பார்வை நமக்கு இறக்குமதி அல்ல. 1898இல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனை இயற்பியலர் என்றுதான் அறிவோம். அவர் தொடக்கத்தில் பணியாற்றியது சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வேதியியல் துறையில், செய்முறை விளக்குநராக. 1920களில் கல்கத்தா சென்று ராமனுடன் சேர்ந்தார். திரவங்கள் ஒளியைச் சிதறடிப்பதை ஆராய்ந்தபோது, மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஒளிக்கு வளைந்துகொடுப்பதில்லை என்பதை இருவரும் அளவுகளால் நிறுவினார்கள். திசைக்குத் திசை ஒளியியல் குணம் மாறினால் காந்தக் குணமும் மாறத்தானே வேண்டும் என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிட்டது. காந்தப்புலத்தில் வைத்த திரவம் ஒளியை இரட்டையாக விலக்குவதைப் பற்றி 1927இல் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். ராமன் விளைவின் புகழ் வெளிச்சத்தில் இந்தக் கட்டுரை மறைந்துபோனது எனக்கு வருத்தம். கிருஷ்ணனின் அடுத்த பல ஆண்டு உழைப்புக்கு விதை அதில்தான் இருக்கிறது.

பின்னர் டாக்கா சென்ற கிருஷ்ணன், அங்கும் 1933க்குப் பின் மீண்டும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தத் திசைப்பண்பை அளந்தார். கருவி எளியது. மெல்லிய குவார்ட்சு இழையில் ஒரு சிறு படிகத்தைக் கட்டி, சீரான காந்தப்புலத்தில் தொங்கவிடுவார். இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்குவார். காந்தம் படிகத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு கட்டத்தில் முறுக்கு மிஞ்சிவிட, படிகம் சட்டென்று திரும்பிவிடும். அந்தக் கணத்தில் முறுக்கிய கோணம் எவ்வளவு என்பதே அளவீடு. நாப்தலீன், ஆந்திரசீன் போன்ற படிகங்களில் பென்சீன் வளையங்கள் எந்தச் சாய்வில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை இந்தக் கோண அளவீடுகளிலிருந்து கணக்கிட முடிந்தது. இதைப் பற்றி லண்டனில் படிகவியலர் கேத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் 1936இல் கூட்டாக ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரும்பு வகை உலோக உப்புகளின் காந்தக் குணத்தைச் சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம் எப்படி நிர்ணயிக்கிறது என்று இயற்பியலர் வான் விளெக் எழுதிய கோட்பாட்டுக்கும் கிருஷ்ணன் குழுவின் அளவீடுகள் வலுவான ஆதாரமாயின. மாணிக்கத்தில் நிறத்தைத் தீர்மானிக்கும் அதே மின்புலம்தான் இது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். ஒரு வேதியியலரின் முழு ஆய்வு வாழ்க்கையை வைத்தே என் வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம் என்றால், நான் தேர்ந்தெடுப்பது மாஸ் சுப்பிரமணியனை. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் ஜி. வி. சுப்பா ராவின் வழிகாட்டலில் 1982இல் முனைவர் பட்டம் பெற்றவர். அந்தக் காலத்து உழைப்பின் பலனாக, பைரோகுளோர் வகை ஆக்சைடுகளைப் பற்றி அவரும் சுப்பா ராவும் ஆரவமுதனும் சேர்ந்து எழுதிய நீண்ட திறனாய்வுக் கட்டுரை 1983இல் வெளிவந்தது. திடநிலை வேதியியலர்கள் இன்றும் புரட்டுகிற கட்டுரை அது. பிறகு அமெரிக்கா சென்று, 1984இல் டூபாண்ட் நிறுவனத்தில் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். 1988இல் பிஸ்மத்-ஸ்ட்ரான்சியம்-கால்சியம்-தாமிர ஆக்சைடு மீகடத்தியின் அமைப்பு, 1996இல் காந்தப்புலம் பட்டால் மின்தடை பெருமளவு மாறும் தாலியம் மாங்கனீசு ஆக்சைடு, 2000இல் வியப்பூட்டும் அளவு உயர்ந்த மின்காப்பு மாறிலி கொண்ட கால்சியம் தாமிர டைட்டேனியம் ஆக்சைடு என்று அவர் பெயர் பதிந்த கட்டுரைகள் வரிசையாக வந்தன. 1996ஆம் ஆண்டுப் பொருள் அவர் முனைவர் பட்டக் காலத்தில் படித்த அதே பைரோகுளோர் குடும்பம் என்பதைக் கவனியுங்கள். ஒரு கூட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே குடியிருப்பவரை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்கும் பொறுமை அது.

2006இல் அவர் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே எடுத்துக்கொண்ட கேள்வி காந்தவியலைச் சேர்ந்தது. இட்ரியம் மாங்கனீசு ஆக்சைடு தாழ்ந்த வெப்பநிலையில் எதிர்க்காந்த ஒழுங்கு பெறும், அதோடு தானாகவே மின்முனைவும் கொண்டது. ஒரே பொருளில் காந்தமும் மின்முனைவும் சேர்ந்திருந்தால் நினைவகச் சாதனங்களுக்கு உதவும் என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. அதே அடுக்கமைப்புள்ள இட்ரியம் இண்டியம் ஆக்சைடை அதோடு கலந்தால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்பினார்கள். மாங்கனீசு சேர்மம் கறுப்பு, இண்டியம் சேர்மம் வெள்ளை. இரண்டும் சேர்ந்தால் சாம்பல் நிறம் வரும் என்று எவரும் எண்ணுவார்கள். 2009இல் ஆய்வு மாணவர் ஆண்ட்ரூ ஸ்மித் ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியசில் சுட்டு உலையைத் திறந்தபோது வந்தது பளிச்சென்ற நீலம். இன்று யின்மின் நீலம் என்று உலகம் அழைக்கும் நிறமி அது.

நீலத்துக்குக் காரணம் மாங்கனீசு உட்கார்ந்த கூடு. மாங்கனீசைச் சுற்றி வழக்கமான ஆறு ஆக்சிஜன்கள் இங்கே இல்லை, ஐந்துதான். மூன்று ஒரு தளத்தில் முக்கோணமாகவும், ஒன்று மேலும், ஒன்று கீழுமாக நிற்கின்றன. இந்த அமைப்பில் சிவப்பும் பச்சையும் விழுங்கப்பட, நீலம் மட்டும் தப்பித்து வருகிறது. இதை 2009இல் வெளியான கட்டுரை கோட்பாட்டுக் கணக்குகளோடு விளக்கியது. மாங்கனீசின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் நீலம் கறுத்துக் கடைசியில் கறுப்பாகிவிடும். இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிரானதுபோல் தோன்றும் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஆய்வாளர்கள் தேடிய காந்த ஒழுங்கு இந்த நீலப் பொருளில் கிடைக்கவில்லை. கிடைக்கவும் முடியாது. காந்த ஒழுங்குக்கு மாங்கனீசு அணுக்கள் அக்கம்பக்கமாக நின்று ஒன்றோடொன்று பேச வேண்டும். பளிச்சென்ற நிறத்துக்கோ மாங்கனீசு அணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இண்டியத்தால் பிரிக்கப்பட்டுத் தனித்து நிற்க வேண்டும். அப்படியானால் ஒளியும் காந்தமும் எதிரிகள் அல்லவா என்று கேட்கலாம். ஒரே எலக்ட்ரான் என்பதால்தான் ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தொடர்பே இல்லாத இரண்டு குணங்களாக இருந்தால் இந்தப் பேரமே நடந்திருக்காது.

இதற்கு வழக்கமாக எழும் மறுப்பு, இது வெறும் அதிர்ஷ்டம் என்பது. நாளிதழ்கள் அப்படித்தான் எழுதின, தற்செயலாகக் கிடைத்த நீலம் என்று. கேள்வி காந்தமாக இருக்க விடை நிறமாக வந்ததில் தற்செயல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உலையில் எதிர்பாராத நிறங்கள் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் தினமும் வருகின்றன. பெரும்பாலும் அவை கழிவுப் புட்டிக்குப் போகின்றன. டூபாண்ட் போன்ற நிறமித் தொழிலும் நடத்திய நிறுவனத்தில் காலம் கழித்தவருக்கு, நிலைத்து நிற்கும் கனிம நீலம் எவ்வளவு அரிது என்று தெரியும். பிரஷ்ய நீலம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, தெனார் உருவாக்கிய கோபால்ட் நீலம் 1802இல். அதற்குப் பிறகு இரு நூற்றாண்டில் அந்த வரிசையில் சேர்ந்த புதியவர் மிகச் சிலரே. மேலும், அந்த நீலத்தோடு அவர் நின்றுவிடவில்லை. மாங்கனீசுக்குப் பதில் இரும்பை வைத்தால் ஆரஞ்சு, தாமிரமும் டைட்டேனியமும் வைத்தால் பச்சை, மாங்கனீசோடு துத்தநாகமும் டைட்டேனியமும் சேர்த்தால் ஊதா என்று அதே ஐந்து ஆக்சிஜன் கூட்டிலிருந்து ஒரு வண்ணக் குடும்பத்தையே வரவழைத்தார். அதிர்ஷ்டம் ஒருமுறை வரும். குடும்பத்தையே வரவழைப்பது அறிவு.

இரண்டாவது மறுப்பு நம் கல்லூரிகளிலிருந்து வருவது, நியாயமானதும்கூட. திரவ ஹீலியத்தில் இயங்கும் காந்தமானி ஒரு கல்லூரித் துறையின் பல ஆண்டு நிதியை விழுங்கிவிடும், இரண்டு சாட்சிகளையும் விசாரி என்று சொல்வது எளிது, செய்வது எப்படி என்கிறார்கள். கிருஷ்ணனின் குவார்ட்சு இழையை இங்கே நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். இட்ரியம் மாங்கனீசு ஆக்சைடில் ஏறத்தாழ எழுபது கெல்வினில் நடக்கும் எதிர்க்காந்த மாற்றத்தை இழையும் தராசும் வைத்துப் பார்த்துவிட முடியாது. ஆனால் முதுகலை வேதியியல் செய்முறையில் பயன்படும் கூய் தராசு, அறை வெப்பநிலையில் ஓர் அயனிக்கு இணை சேராத எலக்ட்ரான் எத்தனை என்று சொல்லிவிடும். அதோடு புறஊதா-கட்புலன் நிறமாலையை வைத்தால் அயனியின் நிலை, கூட்டின் வடிவம் இரண்டையும் பற்றி உருப்படியான ஒரு கருதுகோள் கையில் கிடைக்கும். அதற்குப் பிறகுதான் பெரிய கருவி வேண்டும். அது சென்னை ஐ.ஐ.டி.யின் பொதுக் கருவி மையம் போன்ற இடங்களில் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. ஒரு மாதிரியை அனுப்பும்போது கூடவே ஒரு கேள்வியையும் அனுப்புகிறோமா என்பதுதான் விஷயம்.

கேள்வி இல்லாத அளவீடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. இதைச் சொல்வது எனக்கு எளிதல்ல, ஆனால் மாணவர்கள் நிறைந்த இந்த அவையில் சொல்லாமல் விடுவது தவறு. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கல்லூரிகளில் நேர்கோடற்ற ஒளியியல் படிகங்கள் பற்றி ஏராளமான ஆய்வுகள் நடந்தன. ஓர் அமினோ அமிலத்தையும் ஓர் உப்பையும் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஆவியாக விட்டால் சில வாரங்களில் படிகம் கிடைக்கும். பொடியாக்கி 1064 நானோமீட்டர் லேசரில் வைத்து, 532 நானோமீட்டர் பச்சை ஒளி வருகிறதா என்று பார்ப்பார்கள். 1968இல் கர்ட்சும் பெர்ரியும் வகுத்த சோதனை அது. வந்தால், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டைவிட இத்தனை மடங்கு என்று ஓர் எண், பிறகு கட்டுரை. பளிங்குபோன்ற நல்ல படிகங்களை வளர்க்கும் கைத்திறன் உண்மையிலேயே நம்மவர்களிடம் இருக்கிறது. ஆனால் புதிய சேர்மம் என்று அறிவிக்கப்பட்ட பல படிகங்கள், கரைசலில் போட்ட அதே மூலப்பொருள் மறுபடி படிகமானதுதான் என்று பிறகு தெரியவந்தது. ஆய்வாளர்கள் பிளெக்கும் பெட்ரோசியனும் 2010இல் இதை விரிவாகச் சுட்டிக்காட்டினார்கள். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் உள்ள பிச்சாண்டார்கோவிலின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்து எழுதும் கோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வேதியியலர் ஆர். சீனிவாசனும் இப்படிப்பட்ட பல படிகங்களைத் தொடர்ந்து கேள்விக்கு உட்படுத்தினார். இந்தப் படிகங்களில் பெரும்பாலானவற்றில் இணை சேராத எலக்ட்ரான் இல்லை, ஆகவே காந்தம் இங்கே பெரிதாக உதவாது என்பது உண்மை. இங்கே இரண்டாவது சாட்சி ஒற்றைப் படிக எக்ஸ் கதிர் ஆய்வு. மையச் சமச்சீர் உள்ள படிகம் இரண்டாம் ஒத்திசை ஒளியை, அதாவது அந்தப் பச்சையை, தராது என்பது அடிப்படை விதி. அமைப்பைச் சரிபார்த்திருந்தால் பல முடிவுகள் அச்சேறும் முன்பே நின்றிருக்கும். பச்சை ஒளி என்ற ஒற்றைச் சாட்சியை மட்டும் நம்பியதால் வந்த வினை.

பயன் என்ன என்ற மறுப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். யின்மின் நீலம் விலை உயர்ந்தது, காரணம் இண்டியம். தொடுதிரைகளுக்கும் தட்டைத் திரைகளுக்கும் அந்த உலோகம் வேண்டியிருப்பதால் அதற்குப் போட்டி அதிகம். ஆகவே நாளையே நம் சுவர்களுக்கு இந்த நீலத்தைப் பூசப்போவதில்லை. ஆனாலும் ஸ்ரீரங்கத்தை வைத்து யோசித்துப் பாருங்கள். 1987இல் நிறைவேறிய பதின்மூன்று நிலை ராஜகோபுரம் தொடங்கி, தமிழ்நாட்டுக் கோபுரங்கள் பலவும் ஆண்டு முழுவதும் வெயிலையும் மழையையும் தாங்கும் வண்ணப் பரப்புகள். சுதை உருவங்களில் திருமாலின் மேனிக்கு நீலம் பூசி, அது வெளுத்துப்போய், அடுத்த குடமுழுக்கின்போது மறுபடி பூசுகிறோம். சுட்டெடுத்த ஆக்சைடு நிறமி வெயிலில் வெளுப்பதில்லை. சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக வருகிறது. யின்மின் நீலம் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், கோபால்ட் நீலத்தைவிடக் கூடுதலாக. வெள்ளைக் கோபுரம் வெயிலைத் திருப்புவது யாருக்கும் வியப்பில்லை. நீலமாக இருந்துகொண்டே திருப்புவதுதான் அரிது. சித்திரை வெயிலில் தகிக்கும் திருச்சியின் மாடிகளுக்கு இது அலங்காரக் கேள்வி அல்ல. விலையைக் குறைக்க வேண்டுமானால், இண்டியம் இல்லாமல் இதே ஐந்து ஆக்சிஜன் கூட்டை எந்தக் கனிமம் தரும் என்று தேட வேண்டும். அந்தத் தேடல் நடந்துகொண்டிருக்கிறது. கூட்டின் வடிவம் தெரியாமல் போயிருந்தால் எதைத் தேடுவது என்றே தெரிந்திருக்காது.

கடைசியாக ஒரு திறந்த கேள்வி, இங்குள்ள இளம் வேதியியலர்களுக்கு. நீலத்தைவிடச் சிவப்பு கடினம். காட்மியம், ஈயம், பாதரசம் தரும் பளிச்சென்ற சிவப்புகள் நச்சு. இரும்பு ஆக்சைடு தருவது நம் கோயில் மதில்களின் காவி, நல்ல நிறம்தான், ஆனால் மங்கல். மாணிக்கம் இவ்வளவு சிவப்பாக இருக்கிறதே, அதைப் பொடித்துப் பூசக்கூடாதா என்றால், மாணிக்கத்தை அரைத்தால் வெளிறிய இளஞ்சிவப்புப் பொடிதான் மிஞ்சும். குரோமியத்தைச் சுற்றிய ஆறு ஆக்சிஜன்கள் கிட்டத்தட்ட எதிரெதிராக, சமச்சீராக நிற்பதால் அது ஒளியை மிகக் குறைவாகவே விழுங்குகிறது. பெரிய கல்லில் ஒளி நெடுந்தூரம் போவதால் சிவப்பு தேறுகிறது, பொடியில் தேறுவதில்லை. யின்மின் நீலத்தின் ஐந்து ஆக்சிஜன் கூட்டில் அந்த எதிரெதிர்ச் சமச்சீர் இல்லை, அதனால்தான் சிறிதளவு மாங்கனீசே பொடியில்கூட அழுத்தமான நிறம் தருகிறது. அப்படியானால் சமச்சீர் குலைந்த எந்தக் கூட்டில், எந்த அயனியை, என்ன காந்த நிலையில் உட்காரவைத்தால் நச்சில்லாத, வெயிலுக்கு அஞ்சாத சிவப்புப் பொடி கிடைக்கும்? சுப்பிரமணியன் உட்படப் பலரும் இந்தச் சிவப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கூய் தராசும் நிறமாலைமானியும் ஓர் உலையும் உள்ள எந்தத் துறையும் இந்தத் தேடலை நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.